செய்தவளுக்கு அனுமதி இல்லை

உருண்டை மேடத்துக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அப்புறம் குரல் தணியும். குரல் தணிந்துவிட்டால் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்வது நல்லது என்று அவளோடு வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

அன்று காலை தன் ஆய்வுக்கூடத்துக் கதவில் அட்டையைக் காட்டினாள். பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தது. அப்போதுகூட அவளுக்குக் கோபம் வரவில்லை. அட்டையில் ஏதோ தூசி என்று நினைத்து, மேலங்கியில் துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். மறுபடியும் சிவப்பு.

வாசல் காவலர் தொண்டையைச் செருமினார். "மேடம், உள்ள விட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

"யாரை?"

"உங்களைத்தான் மேடம்."

அப்போதுதான் காது சிவந்தது.

‘உருண்டை மேடம்’ என்ற பெயர் அவளுக்கு உடம்பை வைத்து வந்ததல்ல, உத்தியோகத்தை வைத்து வந்தது. அரசாங்கம் நடத்தும் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் பிரம்மாண்டமான லேசர் ஒன்று இருந்தது. விளையாட்டு மைதானத்துக்குக் கூரை போட்டாற்போல ஒரு கூடம். அங்கே ஒளிக்கற்றைகள் எல்லாத் திசைகளிலிருந்தும் பாய்ந்து வந்து ஒரே புள்ளியில் சேரும். அந்தப் புள்ளியில் மிளகளவு ஒரு உருண்டை. உருண்டைக்குள் உறைந்த ஹைட்ரஜன். ஒளி பட்ட மாத்திரத்தில் உருண்டை நசுங்கி, கண் இமைப்பதற்கும் வெகு முன்னால் உள்ளே ஒரு குட்டிச் சூரியன் பிறந்து செத்துப்போகும். அந்தச் சூரியனை அடுத்தடுத்துப் பிறக்கவைத்து மின்சாரம் எடுக்க முடிந்தால், கரியும் புகையும் இல்லாமல் ஊருலகமே விளக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இது நிலையத்தின் ஒரு பாதி. மற்ற பாதி கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் இருந்தது. அங்கே இருந்தவர்களும் அதே குட்டிச் சூரியனைத்தான் பார்த்தார்கள். ஆனால் அணுகுண்டை வெடிக்காமலே அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று கணக்குப் போடுவதற்காகப் பார்த்தார்கள். லேசர் ஒன்றுதான், நோக்கம் இரண்டு. மேடை போட்டால் மின்சாரம் பேசும், நிதி ஒதுக்கும்போது வேலி பேசும்.

உருண்டைதான் எல்லாருக்கும் தலைவலி. உள்ளே ஹைட்ரஜனை மெல்ல மெல்ல உறையவைத்து, எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் பனி படியவைக்க நாள்கணக்கில் ஆகும். மின்நிலையம் என்றால் விநாடிக்குப் பத்து உருண்டையாவது வேண்டும். இவள் அந்தப் பனியே வேண்டாம் என்றாள். உருண்டையின் உட்சுவரில் மெல்லிய நுரைப் படலம் ஒன்றை வளர்த்தாள். திரவ ஹைட்ரஜனை அது கடற்பஞ்சு மாதிரி தானாகவே உறிஞ்சிக்கொண்டது. சொல்வதற்கு ஒரு வரி. செய்து முடிப்பதற்குள் தலை பாதி நரைத்துவிட்டது. நுரை காயும்போது ஓரத்தில் பிளந்து வெள்ளையாக ஒரு கீற்றுத் தெரியும். அதற்கு அவளும் குழுவினரும் வைத்த பெயர் "பல்லிளிப்பு". "நேத்து எத்தனை பல்லிளிச்சுது?" என்பதுதான் அந்த அறையில் காலை வணக்கம்.

ஒருவழியாகப் பல்லிளிக்காத உருண்டைகள் வந்தன. லேசர் பாய்ந்தபோது, அதுவரை யாரும் பார்த்திராத அளவுக்கு ஆற்றல் வெளியே வந்தது. அமைச்சர் ஓடோடி வந்தார். அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இனிமேல் வீட்டுக்கு வீடு விளக்கு" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அது போன வாரம். இந்த வாரம் கதவு திறக்கவில்லை.

இயக்குநர் தேநீர் வரவழைத்தார். கெட்ட செய்தி சொல்வதற்கு மட்டும் தேநீர் வரவழைக்கும் மனிதர்.

"முதல்ல என் வாழ்த்துகள். உங்க வேலை தேசப் பாதுகாப்புப் பட்டியல்ல சேர்ந்திருக்கு. இந்தக் கௌரவம் எல்லாருக்கும் கிடைச்சுடாது."

"கதவு ஏன் சார் திறக்கல?"

"அதைத்தான் சொல்றேன். உங்க அறிக்கை, அறை, கருவி எல்லாமே இப்ப ரகசியம். பார்க்கணும்னா தனி அனுமதி வேணும்."

"சரி, வாங்கிக் கொடுங்க."

இயக்குநர் தேநீரைக் கலக்கினார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது. "உங்க தம்பி வெளிநாட்டுல இருக்கார். அந்த ஊர்லயே கல்யாணம், அந்த ஊர்க் குடியுரிமை. பாதுகாப்புப் பிரிவுல அதைக் கொஞ்சம்..."

"அவன் பல் டாக்டர் சார்."

"இருக்கட்டும். வெளிநாட்டுப் பல் டாக்டர்தானே."

அவள் குரல் தணிந்தது. "ஆக, நான் செஞ்சதை நான் பார்க்கக் கூடாது. நான் எழுதினதை நான் படிக்கக் கூடாது."

"அப்படிச் சொல்லாதீங்க."

"வேற எப்படிச் சொல்லணும்? சொல்லுங்க, அப்படியே சொல்றேன்."

இயக்குநர் மறுபடி தேநீரைக் கலக்கினார்.

"என் தலைக்குள்ள இருக்கே சார், அதை என்ன பண்ண? கழட்டி உங்க மேஜை மேல வெச்சுட்டுப் போகட்டுமா?"

"யார்கிட்டயும் பேச வேண்டாம். எதுலயும் எழுத வேண்டாம். அவ்வளவுதான்." கொஞ்சம் இரக்கத்தோடு சேர்த்துக்கொண்டார்: "யோசிக்கறதுக்குத் தடை இல்ல."

"மின்சாரம் என்னாச்சு? வீட்டுக்கு வீடு விளக்கு?"

"அது நீண்ட காலத் திட்டம்மா," என்றார் இயக்குநர். அவள் தேநீரைத் தொடாமலே எழுந்து போனாள்.

அவளை லேசர் கண்ணாடிகளைச் சோதிக்கும் பிரிவில் போட்டார்கள். ஒவ்வொரு முறை லேசர் பாய்ந்த பிறகும் பெரிய பெரிய வில்லைகளில் பொட்டுப் பொட்டாகத் தீக்காயம் விழும். அதை விளக்கு வெளிச்சத்தில் தேடி வட்டம் போடும் வேலை. யாராவது செய்தாக வேண்டிய வேலைதான். ஆனால் ஒவ்வொரு தீக்காயத்தைப் பார்க்கும்போதும், எவனோ தன் உருண்டையை வைத்துச் சுட்டிருக்கிறான் என்ற நினைப்பில் அவளுக்கு வயிறு எரிந்தது.

வீட்டிலும் சொல்லி ஆற முடியாது. அவள் கணவரும் அதே நிலையத்தில்தான் வேலை பார்த்தார், ஆனால் வேலிக்கு அந்தப்பக்கம். கணக்கில் புலி, பேச்சில் கஞ்சன். அலுவலக விஷயத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது கல்யாணத்தின்போதே இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு. கூடவே இருந்த மாமியாருக்கு இது பெரிய வேடிக்கை. "ஒரே ஆபீஸ், ஒரே பஸ். ஆனா இவன் என்ன பண்றான்னு அவளுக்குத் தெரியாது, அவ என்ன பண்றான்னு இவனுக்குத் தெரியாது. இது குடும்பமா, உளவுத்துறையா?" என்று துணி மடித்துக்கொண்டே கேட்பார்.

கதவு மூடிய அன்று அவள் அந்த ஏற்பாட்டை உடைத்துக் கொட்டித் தீர்த்தாள். மாமியார்தான் கூடச் சேர்ந்து திட்டினார். கணவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். "கொஞ்சம் பொறுமையா இரும்மா" என்றார். அவ்வளவுதான்.

அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். ஒரு நாள் சாயங்காலம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளால் அடக்க முடியவில்லை.

"எவன் கையில கொடுத்திருக்காங்களோ தெரியல. அந்த நுரைக்கு அவசரம் ஆகாது. மேலதிகாரி கேக்கறான்னு சீக்கிரமாக் காயவெச்சா அத்தனையும் பாழ்."

"ஆமா," என்றார் கணவர், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "பல்லிளிச்சிடுது."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. கை தட்டிலேயே நின்றது.

அந்தச் சொல் அவளுடைய அறையைத் தாண்டி வெளியே போனதில்லை. அதோடு அவர் "இளிச்சிடும்" என்று சொல்லவில்லை. "இளிச்சிடுது" என்றார். கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவன் சொல்கிற சொல் அது.

"நீங்கதானா?" என்றாள்.

"நான் எதுவும் சொல்லக் கூடாது."

"என் அறையில உக்காந்திருக்கறது நீங்கதானா?"

"ஏம்மா, எனக்கு அனுமதி இல்ல..."

"எப்பலேர்ந்து தெரியும்? கதவு மூடினதுக்கு அப்புறமா, அதுக்கு முன்னாலயா?"

அவர் தண்ணீர்க் குவளையை எடுத்தார், குடிக்காமலே வைத்தார். பொய் சொல்லத் தெரியாதவர். அது அவரிடம் அவளுக்குப் பிடித்த விஷயமாக இருந்தது. "என்கிட்ட கருத்துக் கேட்டாங்க," என்றார் கடைசியில். "மூணு பேர் கொண்ட குழு. ரகசியமாக்கலாமான்னு."

"என்ன சொன்ன?"

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை சண்டை வந்தாலும் "நீங்க" என்பது "நீ" ஆனதில்லை.

"ஆக்கலாம்னு எழுதினேன். நான் எழுதலேன்னா வேற ஒருத்தர் எழுதியிருப்பார். என் கைக்கு வந்தா பத்திரமா இருக்கும்னு நினைச்சேன். உன் வேலை கெட்டுப் போகாம..."

"என் வேலையை என்கிட்டேருந்து பத்திரப்படுத்தினியா?" குரல் இன்னும் தணிந்தது. "நான் இங்க உக்காந்து அன்னைக்கு அப்படிப் புலம்பினேன். நீ பொறுமையா இருன்னு சொல்லிட்டு, காலையில போய் என் நாற்காலியில உக்காந்திருக்க. உனக்குச் சோறு எப்படி இறங்குச்சு?"

மாமியார் எழுந்து மகனின் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகன் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை. அன்றிலிருந்து கணவரின் படுக்கை கூடத்துக்கு மாறியது.

சில வாரங்களில் நாடாளுமன்றத்தின் எரிசக்திக் குழு நிலையத்தைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. மின்சாரத்துக்கென்று கொடுத்த நிதி என்ன ஆகிறது என்று கேட்கப்போகிறார்களாம். அமைச்சரோடு படத்தில் நின்ற அந்த அம்மாள் எங்களுக்கு விளக்கம் சொல்லட்டும் என்று குழுவே கேட்டிருந்தது. இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். இந்தத் தடவையும் தேநீர்.

"பொதுவாப் பேசுங்க. எதிர்காலம், நம்பிக்கை, இந்த மாதிரி. ரகசியம் ஒரு வார்த்தை வெளிய வரக் கூடாது."

"ஒரு வார்த்தை வராது சார்," என்றாள். சத்தியமாகவே சொன்னாள்.

கூட்டம் நிலையத்தின் பெரிய அரங்கில் நடந்தது. மேடையில் நீளமான மேஜைக்குப் பின்னால் குழு உறுப்பினர்கள். நடுவில் குழுத் தலைவி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஆளை அளக்கும் பெண்மணி. பின்வரிசையில் பத்திரிகைக்காரர்கள். வேலிக்கு அந்தப்பக்கத்து ஆட்கள் சிலரும் வந்திருந்தார்கள். அவள் கணவர் இரண்டாவது வரிசையின் ஓரத்தில் இருந்தார்.

குழுத் தலைவி நேராக விஷயத்துக்கு வந்தார். "இந்த நுரை உருண்டையை மின்நிலையத்துக்கு வேண்டிய எண்ணிக்கையில செய்ய முடியுமா?"

"அதுக்குப் பதில் ஒரு அறிக்கையில இருக்கும்மா. அதைப் படிக்க எனக்கு அனுமதி இல்ல."

"யார் எழுதின அறிக்கை?"

"நான் எழுதினது."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குழுத் தலைவி சிரிக்கவில்லை. "அறிக்கை கிடக்கட்டும். உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

"எனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியக் கூடாதும்மா. யோசிக்கறதுக்கு மட்டும் இயக்குநர் அனுமதி கொடுத்திருக்கார்."

இயக்குநர் பாதி எழுந்தார். "இதுல நான் ஒரு சின்ன விளக்கம்..."

"உக்காருங்க. உங்க முறை வரும்." குழுத் தலைவி மறுபடி அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஏன் அனுமதி இல்ல?"

"என் தம்பி வெளிநாட்டுல பல் புடுங்கறான்."

இப்போது அரங்கமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. காது ரத்தமாகச் சிவந்திருந்தது. சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"அப்ப இந்த வேலை இப்ப யார்கிட்டதான் இருக்கு?" என்று கேட்டார் குழுத் தலைவி.

இதைக் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். கேட்டால் என்ன சொல்வது என்றும் முன்பே யோசித்து வைத்திருந்தாள். கையை நீட்டினாள்.

"ரெண்டாவது வரிசையில, ஓரத்துல உக்காந்திருக்கார். எனக்கு இல்லாத அனுமதி அவருக்கு இருக்கு. அவரைக் கேளுங்க. வேற யாரும் இல்ல, என் வீட்டுக்காரர்தான்."

அவர் மெதுவாக எழுந்து நின்றார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"சொல்லுங்க," என்றார் குழுத் தலைவி. "செய்ய முடியுமா?"

"சொல்ல எனக்கு அனுமதி இல்லம்மா."

"ரகசியம்னு முடிவு பண்ணது யாரு?"

சொல்ல வேண்டாம் என்று இயக்குநர் தலையைப் பலமாக ஆட்டி ஜாடை காட்டினார். கணவர் அதைப் பார்த்தார், பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மூணு பேரு. அதுல நானும் ஒருத்தன்."

"சரி. ரகசியம் எதையும் நான் கேக்கல. ஒரே ஒரு விஷயம். இதை வெச்சு மின்சாரம் எடுக்கற வேலையை இந்த நிலையத்துல இப்ப எத்தனை பேர் பார்க்கறாங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. உதவியும் செய்யவில்லை.

"யாரும் இல்லம்மா," என்றார். "ஒருத்தர்கூட இல்ல."

மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் அந்த ஒரு வரிதான். அமைச்சர் கேமரா முன்னால் தெரியவில்லை. குழு தன் அறிக்கையில் ஒரு பத்தி எழுதியது. நிலையம் பரிசீலிப்பதாகப் பதில் எழுதியது. அதோடு சரி.

அவளை மட்டும் நிலையம் மறக்கவில்லை. விசாரணை வைத்தார்கள். ரகசியம் எதையும் சொன்னாள் என்று நிரூபிக்க முடியவில்லை. எவ்வளவு தோண்டியும் ஒரு வார்த்தை அகப்படவில்லை. ஆகவே வேறு குற்றம் கண்டுபிடித்தார்கள்: ரகசியப் பணியில் இருக்கும் அலுவலர் ஒருவரைப் பலர் முன்னிலையில் அடையாளம் காட்டிவிட்டாள். அதற்கு வேலைநீக்கம்.

மாமியாருக்கு இது எவ்வளவு சொல்லியும் புரியவில்லை. "கட்டின புருஷனை இவர்தான்னு காட்டினது குத்தமா? கல்யாணத்தன்னைக்கே ஊரைக் கூட்டிக் காட்டியாச்சே!" என்று தொலைபேசியில் கூப்பிட்ட ஒவ்வொருவரிடமும் கேட்டார். தம்பி மட்டும் அழுதான். "என்னாலதானே அக்கா?" என்றான். "உன் பேரைச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டாங்கடா. நீ இல்லேன்னா வேற ஏதாவது சொல்லியிருப்பாங்க," என்றாள் அவள்.

ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. பாடம் எடுத்த நேரம் போக, மாடியில் உடைந்த மேசைகள் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துத் தரச் சொல்லி, அங்கே ஒரு சிறிய அடுப்பும் குளிரூட்டியும் வைத்துக்கொண்டாள். பழைய நுரையைத் தொடக் கூடாது. தொட்டால் வழக்கு என்று வக்கீல் எச்சரித்திருந்தார். அதனால் முற்றிலும் வேறு பொருளில் ஆரம்பித்தாள். ஊன்றி நின்ற குழந்தையை மறுபடி தவழச் சொன்ன மாதிரி இருந்தது. செய்தது எல்லாம் உடைந்தது. கோபம் தாளாமல் ஒரு தட்டைச் சுவரில் விட்டெறிந்தாள். அப்புறம் தானே பெருக்கினாள்.

வீட்டில் அவளும் கணவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். மாமியார் நடுவில் நின்று தபால் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் இயக்குநரிடமிருந்து அழைப்பு வந்தது. குரலில் தேன் ஒழுகியது.

"எப்படி இருக்கீங்கம்மா? பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. இங்க ஒரு சின்னச் சிக்கல். நுரை சரியா வரமாட்டேங்குது. நீங்க ஆலோசகரா வந்தா நல்லா இருக்கும்."

"எனக்குத்தான் அனுமதி கிடையாதே சார்."

"அதெல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. இந்த வாரமே வந்துடும்."

"என் தம்பி இன்னும் அந்த ஊர்லதான் சார் இருக்கான்."

"அது ஒரு பெரிய விஷயமா? பல் டாக்டர்தானே."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். பேசும்போது குரல் கிட்டத்தட்டக் கிசுகிசுப்பாக இருந்தது. "மின்சாரத்துக்கு வேலிக்கு இந்தப்பக்கம் ஒரு அறை கொடுங்க. கதவு திறந்திருக்கணும். யார் வேணும்னாலும் வந்து படிக்கணும். அப்ப வரேன்."

"அது என் கையில இல்லம்மா. நாட்டுக்காகக் கேக்கறேன்..."

"நாட்டுக்காகத்தான் சார் செஞ்சேன். நீங்கதான் அதை நாட்டுக்குத் தெரியாம பூட்டி வெச்சிருக்கீங்க. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க." தொடர்பைத் துண்டித்தாள்.

கணவர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "போகாத," என்றார்.

"போக மாட்டேன். ஆனா இதை நீ அன்னைக்கு அந்த மூணு பேர் குழுவுல சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்." சப்பைக்கட்டு எதுவும் கட்டாமல் ஒப்புக்கொண்டார். "நுரை செய்யற முறையையாவது வெளிய விடணும்னு எழுதிக் கொடுத்தேன். முடியாதுன்னுட்டாங்க. மறுபடி எழுதியிருக்கேன். என்னையும் அங்கேருந்து மாத்தச் சொல்லியிருக்கேன்."

"எழுது. எழுத வேண்டியது உன் கடன். அதுக்காக நான் உக்காந்து காத்துக்கிட்டிருக்க மாட்டேன்."

"சாப்பிட்டுப் போ," என்றார் மாமியார் உள்ளிருந்து. கல்லூரிக்கு விடுமுறை என்பது அவருக்கும் தெரியும். அவள் நிற்கப்போவதில்லை என்பதும் தெரியும்.

"வந்து சாப்பிடறேன் அத்தை. ராத்திரி காயவெச்சதை இப்பவே எடுக்கணும்," என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.